புரியலைன்னா ஒரு ரிங்

சங்கரபாண்டியன் அண்ணாச்சி என் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தபோது வகுப்பு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஏழாயிரம்பண்ணையில் அவருக்குப் பட்டாசு கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் பத்தாவதில் கணக்கில் தவறியவர்களுக்கு, விருதுநகரில் இருந்தபடியே நான் ஆன்லைனில் பாடம் எடுக்கிறேன். அதற்காக அவர்களை மட்டும் ஒரு வேனில் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார். இப்போது சீசன் நெருங்கிவிட்டது, ஆர்டர் குவிகிறது. வேனைத் தொடரலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார். வேன் நின்றால் வகுப்பும் நின்ற மாதிரிதான்.

வாத்தியார் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் நான். ஆனாலும் தொடக்கத்தில் இந்தப் பெண்கள் என்னைத் திணறடித்துவிட்டார்கள். "புரியுதா?" என்றால் அத்தனை பேரும் திரையில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். சோதனை வைத்தால் பேப்பர் வெள்ளையாக வரும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து கேட்கக் கூச்சம். தமிழில் டைப் அடிக்கவும் வராது. ஆனால் மிஸ்டு கால் கொடுக்கத் தெரியாதவர்கள் நம் ஊரில் உண்டா? ஒரு பழைய பட்டன் போனை மேசையில் வைத்தேன். புரியாத இடத்தில் வீட்டிலுள்ள இன்னொரு போனிலிருந்து ஒரு ரிங் விட்டால் போதும். யாரென்று பார்க்க மாட்டேன், நம்பர் எதையும் பதிந்து வைக்கவும் இல்லை. மணி அடித்தால் அதே கணக்கை வேறொரு வழியில் சொல்லுவேன். சத்தத்தைக் கூட்டிச் சொன்னால் அது விளக்கம் ஆகிவிடாது என்று அந்த போன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அண்ணாச்சி வருவதற்குச் சற்றுமுன் அந்தப் பெண்களில் ஒருத்தியான பாண்டிலட்சுமி கூப்பிட்டிருந்தாள். அங்கன்வாடி வேலைக்குப் போய்விட வேண்டும் என்று துடிப்பவள். இந்த ஒரு கணக்குதான் குறுக்கே நிற்கிறது.

"டீச்சர், முதலாளி வாராகளாம்ல? இன்னைக்கு ஒருத்தரும் ரிங் விட மாட்டோம். எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். உங்க மானத்தக் காப்பாத்திருவோம்."

"அடியே, என் மானத்த நான் பாத்துக்கிடுதேன்" என்பதற்குள் வைத்துவிட்டாள்.

வகுப்பில் காரணிப்படுத்த x² + 5x + 6-ஐப் பலகையில் எழுதினேன். நடுவிலுள்ள ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரித்தேன். பெருக்கினால் ஆறு வர வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிப் பிரித்தேன் என்று சொல்லவில்லை, வேண்டுமென்றே. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் போன் துள்ளும். இன்று கம்மென்று கிடந்தது. திரை முழுக்கக் கட்டைவிரல்கள்.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"ஒரு சந்தேகமும் இல்ல, பாத்தீகளா! எல்லாத்தையும் படிச்சிட்டாளுக. பெறகு வேன் எதுக்கு டீச்சர்?"

மைக் திறந்தே இருந்தது. கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எனக்கு அவர்கள்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என் மானத்துக்காகத் தங்கள் படிப்பையே தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறார்களே!

"அண்ணாச்சி, உங்களுக்குப் புரிஞ்சிச்சா?"

"எனக்கென்ன? மனக்கணக்குல கால்குலேட்டரையே தோக்கடிப்பேன்."

"அப்ப சொல்லுங்க. ஒண்ணும் நாலும் கூட்டுனாலும் அஞ்சுதான? நான் எதுக்கு ரெண்டும் மூணுமாப் பிரிச்சேன்?"

அவர் பலகையைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"தெரியலைன்னா வெக்கமில்ல அண்ணாச்சி" என்றேன், அவரைவிடத் திரையைப் பார்த்தபடி. "இந்த போனுக்கு ஒரு ரிங் விட்டாப் போதும். ரிங் வந்தாத்தான் நான் பாடம் நடத்துதேன்னு அர்த்தம். வரலைன்னா நான் சும்மா கத்திக்கிட்டு இருக்கேன்."

அண்ணாச்சி பட்டன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தன் போனை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நம்பரைச் சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். பட்டன் போன் மேசையில் அதிர்ந்து அலறியது. அதை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன்.

"முதலாளிதான்" என்றேன்.

அவர் கட் செய்து போனைப் பைக்குள் போட்டார். என் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. நின்றது, உடனே அடித்தது. அடிக்கட்டும் என்று மேசையில் வைத்துவிட்டு நான் பலகையைத் துடைத்தேன். அண்ணாச்சி நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.