பளபளப்புக்கு விதித்த தீர்வை

1934ஆம் ஆண்டு மார்ச்சு 12. பினாங்கிலிருந்து வந்த பருத்திக் கட்டில் விரிப்பைப் பட்டு எனப் பதிந்து, பட்டுக்குரிய தீர்வையைச் செலுத்தும்வரை தர மறுத்தார் சென்னைச் சுங்க அதிகாரி. அது எங்கள் தெரு நெசவாளி பஞ்சாட்சரத்தின் மகள் திருமணத்திற்கு அவர் தமையன் அனுப்பிய சீர். துணைக்கு நானும் சென்றேன்.

“இத்தனை பளபளப்பு பட்டுக்குத்தானே உண்டு?” என்றார் அதிகாரி.

“பட்டு நெய்யறவன்கிட்டயே சொல்றீங்களே சாமி. ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்க. பட்டுன்னா மயிர் கருகுற நாத்தம் வரும்.”

கொளுத்தினார். காகிதம் எரியும் வாடையே வந்தது.

“உம் மூக்கை இங்கேயே விட்டுச் செல்லுமய்யா” என்று சிரித்தபடி பதிவைத் திருத்தினார். விரிப்புடன் மாலை ரயிலேறினோம்.

வாசகரே, உம் பொருளையும் பளபளப்பைக் கண்டு பட்டு என்று அதிகாரி எழுதினால், இழையைக் கொளுத்திப் பார்க்கும்வரை அந்தப் பதிவில் கையெழுத்திடாதீர்.