பீரங்கிக்கு ஜோடி வேண்டுமாம்

அந்த முதியோர் காப்பகத்தில் ஜோடி என்றால் காதலும் இல்லை, கல்யாணமும் இல்லை. படுக்கையில் கிடப்பவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அக்குளுக்கு அடியில் கைகொடுப்பார், மற்றவர் முழங்காலுக்கு அடியில். அந்த இரண்டு பேருக்குப் பெயர்தான் ஜோடி. "உன் ஜோடி எங்கடி?" என்று ஒருத்தி கேட்டால், "துணி காயப்போடப் போயிருக்கா" என்று இன்னொருத்தி பதில் சொல்வாள். யாரும் வெட்கப்பட மாட்டார்கள்.

மாடி வார்டில் பீரங்கிக்கு ஜோடியாக இருந்தவள் ஒல்லி. பீரங்கி என்பது குரலுக்காக வந்த பெயர். மாடியில் அவள் "யாருங்க வெந்நீர் கேட்டது?" என்றால் கீழே சமையலறையில் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். ஒல்லி வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். அவள் இடத்துக்கு ஆள் வரும் என்று பீரங்கி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் வரவில்லை. காலியான பணியிடத்தை இனிச் சேமிப்பாகக் கருதுவதென்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. ஒரு மனுஷி போன இடத்தில் வெறும் காற்று இருந்தால் அதற்குச் சேமிப்பு என்று பெயர் வைக்கத் தனிப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பை நிர்வாகி படித்திருந்தார்.

சேமிப்பின் பாரம் பீரங்கியின் இடுப்பில் இறங்கியது. மாடி வார்டிலேயே கனமானவர் மேஸ்திரி. வாழ்நாளெல்லாம் கட்டடம் கட்டி, கடைசியில் தானும் ஒரு கட்டடம் மாதிரி ஆகிவிட்டவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். ஒரு காலையில் பீரங்கி அவரைத் தனியாகத் தூக்கும்போது பிடி நழுவியது. அவர் தரையில் விழுவதற்குள் அவள் அடியில் போய் விழுந்துவிட்டாள். அவருக்குக் கட்டில் கம்பியில் முழங்கை இடித்து வீங்கியது. அவளுக்கு முதுகில் எதுவோ சடக்கென்றது.

"நீ மெத்தையா வந்து விழுந்ததால பொழச்சேன்மா" என்றார் மேஸ்திரி, அவள்மேல் கிடந்தபடியே.

"பொழச்சது இருக்கட்டும். மொதல்ல எந்திரிங்க."

"எந்திரிக்கத் தெரிஞ்சா நான் ஏம்மா இங்க இருக்கேன்?"

கீழே இருந்து சமையல்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். அன்றைக்கே பீரங்கி நிர்வாகியின் அறைக்குப் போனாள். மேஸ்திரி விழுந்த சேதி அவளுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. ஆகவே அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

நிர்வாகி ஓட்டல் தொழிலிலிருந்து வந்தவர். காப்பகத்தில் இருப்பவர்களை விருந்தினர்கள் என்பார். மாடி வார்டுக்கு ஒரே ஒரு தடவை வந்து, திரைச்சீலையின் நிறம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர். ஜோடி என்ற சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"எனக்கு ஜோடி வேணும் சார்" என்றாள் பீரங்கி. "ஒல்லி போனதுலேருந்து தனியா கெடந்து அல்லாடறேன். ஒடம்பு தாங்கல."

நிர்வாகி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "உங்க வயசுல இப்படித் தோணறது இயல்புதாம்மா."

"வயசாச்சுன்னுதான் சார் கேக்கறேன். சின்ன வயசா இருந்தா தனியாவே சமாளிச்சிருப்பேன்."

"யாராவது... மனசுல இருக்காங்களா?"

"யாரா இருந்தாலும் சரி சார். ஆம்பளையா பொம்பளையான்னு பாக்க மாட்டேன். கொஞ்சம் தெம்பா இருந்தாப் போதும்."

நிர்வாகி தண்ணீர் குடித்தார். காப்பகத்தின் தலைவிக்கு அவர் அனுப்பிய அறிக்கையில், பணியாளருக்குத் தனிமையுணர்வு, அதனால் கவனச்சிதறல், அதனால் விருந்தினர் நழுவல் என்று எழுதியிருந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் சிரிப்பை அடக்கத் தெரியாதவள். சாயங்காலத்துக்குள் பீரங்கி ஜோடி தேடுகிற கதை தோட்டக்காரர் வரைக்கும் போய்விட்டது.

டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்கும் எட்டியது. "ஏன்டி, நான் ஒருத்தன் இருக்கறது உங்க சாருக்குத் தெரியுமா?"

"நீ இருக்கறது எனக்கே அப்பப்பதான் தெரியுது."

"சரி, வர்ற ஆள் தெம்பா இருந்தா ஒருநாள் இங்கயும் அனுப்பு. பீரோவ நகத்தணும்."

அவள் சிரிக்கவில்லை. முதுகில் தைலம் தேய்க்கச் சொல்லித் திரும்பி உட்கார்ந்தாள். தேய்க்கத் தேய்க்க அவனுக்கும் சிரிப்பு அடங்கிப்போயிற்று. கன்றிப்போன இடம் அவன் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் விளக்கம் சொல்லப் போனவளை நிர்வாகி வாசலிலேயே கைகாட்டி நிறுத்தினார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்மா. எனக்குப் புரியுது. ஏற்பாடு பண்ணிட்டேன்." அவள் ஆள் வருவதாக எண்ணி மாடிக்கு ஓடி மேஸ்திரியிடம் சொன்னாள்.

ஆள் வந்தது. கழுத்தில் பட்டுத்துண்டு, காதோரம் ஒலிவாங்கி, கையில் ஒரு பெட்டி. மன உறுதிப் பயிற்சியாளராம். பெட்டி நிறையச் சீட்டுகள். ஒவ்வொரு படமும் இரண்டிரண்டு: குடை, கடிகாரம், ஆமை, சாவி. எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, ஒரு தடவைக்கு இரண்டைத் திறக்க வேண்டும். ஒரே படமாக இருந்தால் உனக்கு. இல்லையென்றால் திரும்பக் கவிழ்த்துவிட்டு, எது எங்கே என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல விளையாட்டுதான். வீட்டில் குழந்தைகள் விளையாடுவது. அதைக் குழந்தைகள் வெறுமனே விளையாடுவார்கள். இவர் அதற்கு முன்னால் வெகுநேரம் பேசினார்.

"குடையைத் தேடுகிறீர்கள். ஆமை வருகிறது. ஏமாற்றம். ஆனால் நீங்கள் உடைந்துபோகிறீர்களா? இல்லை. மறுபடி திறக்கிறீர்கள். நண்பர்களே, இதுதான் மீண்டெழும் ஆற்றல். வாழ்க்கையில் ஆமை வரும்போதெல்லாம் குடையை நினையுங்கள்."

"மழை வரும்போது நெனைக்கலாமா?" என்று சமையல்காரர் மெதுவாகக் கேட்டார். அன்றே பயிற்சியாளருக்குச் சீட்டுச் சாமியார் என்று பெயர் விழுந்தது. ஜோடி கேட்டவளுக்கு ஜோடி சேர்க்கும் விளையாட்டு என்ற யோசனை தன்னுடையதுதான் என்பதில் நிர்வாகிக்கு ஏகப்பட்ட பெருமை.

முதல் நாள் விளையாட்டில் பீரங்கி படுதோல்வி. சீட்டைத் திறக்கும்போதெல்லாம் மாடியில் மணி அடித்தது. மேஸ்திரி ஈரத்தில் கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சி முடியும்வரை யாரும் எழுந்துபோகக் கூடாது என்று நிர்வாகி கதவருகில் நின்றார். மணிச் சத்தத்தில் சாவி எங்கே, கடிகாரம் எங்கே?

சாமியார் பரிவோடு குனிந்தார். "பார்த்தீங்களா, மனம் எவ்வளவு சிதறியிருக்கு. விருந்தினர் ஏன் நழுவினார்னு இப்பப் புரியுதா? நழுவினது கை இல்லை, மனசு."

பீரங்கிக்கு மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது. அடியில் போய் விழுந்தது அவள் முதுகு. அதை விட்டுவிட்டு மனசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த பயிற்சிக்கு அந்தக் கோபத்தோடே போய் உட்கார்ந்தாள். கோபத்தில் அவளுக்குக் கண் கூர்மையாகிவிடும். ஆமை, ஆமை. குடை, குடை. எதிரே உட்கார்ந்த தட்டச்சுக்காரிக்கு ஒரு ஜோடிகூடக் கிடைக்கவில்லை. மேசை துடைத்த மாதிரி காலியானது. பீரங்கி நிமிர்ந்து, இப்போது என்ன சொல்கிறாய் என்று பார்த்தாள்.

சாமியார் கைதட்டினார். "அற்புதம். மன உறுதி வந்துவிட்டது. இனி இவர் எதையும் தனியாகவே சமாளிப்பார்." நிர்வாகி அதைக் குறித்துக்கொண்டார்.

மாடிக்கு வந்து தலையணை உறையை உதறி உதறிப் போட்டவளைப் பார்த்து மேஸ்திரி கேட்டார்: "ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன். அதனால தனியாவே தூக்கணுமாம்."

"அன்னைக்குத் தோத்தியே?"

"அதனாலதான் நீங்க விழுந்தீங்களாம்."

மேஸ்திரி கூரையைப் பார்த்து யோசித்தார். "தோத்தா உன் தப்பு. ஜெயிச்சா உன் வேலை. நல்லாக் கட்டியிருக்கான்மா, ஒரு விரிசல் இல்ல."

"உங்களுக்கு வெளையாட்டா இருக்கு. அடுத்த தடவை தலை இடிச்சா?"

அவர் வீங்கிய முழங்கையை மறுகையால் மூடிக்கொண்டார். அவருக்கும் பயம் இருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். கட்டிலிலேயே கிடந்துவிடுகிறேன், நாற்காலி வேண்டாம் என்று அவர் சில நாட்களாகச் சொல்லிவந்தது சோம்பலால் அல்ல. கிடந்தால் முதுகுப்புண் வரும். தூக்கினால் விழுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் குறை.

பயிற்சியின் நிறைவு விழாவுக்குக் காப்பகத்தின் தலைவியே வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகள், பூச்செண்டு, புகைப்படக்காரர். மேசையில் சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. பீரங்கி விளையாடிக் காட்ட வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அவளிடம் கண்ட மாற்றத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாம் சாமியாரின் ஏற்பாடு.

"மேஸ்திரி எங்கே?" என்று கேட்டார் நிர்வாகி.

"கட்டில்ல."

"கூட்டிட்டு வாங்கம்மா. தலைவி காத்திருக்காங்க."

பீரங்கி உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. "எனக்கு ஜோடி இல்லையே சார்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிர்வாகியின் காது சிவந்தது. "அதைப் பத்தி இப்ப வேண்டாம்மா. தலைவி முன்னால..."

"இப்பத்தான் வேணும். ஜோடி இல்லாம அவரத் தூக்க மாட்டேன்."

"மன உறுதி இருந்தால்..." என்று ஆரம்பித்தார் சாமியார்.

"இருக்குங்க. நீங்கதான் கைதட்டினீங்க. அந்த மன உறுதி வந்து தலைப்பக்கம் புடிக்கட்டும், நான் கால்பக்கம் புடிக்கறேன். அதுக்குக் கை இல்லைன்னா நீங்க வாங்க."

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தூக்கறதா? ஜோடின்னா என்ன? அறிக்கையில இந்த அம்மா தனிமையில வாடறதா எழுதியிருந்தீங்களே?"

பீரங்கி எழுந்து நின்றாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை. "வாடறதா? எனக்குப் புருஷன் இருக்கான், மக இருக்கா, மக வயித்துல பேரப்புள்ளையும் இருக்கு. வாடறதுக்கு நேரம் எங்க இருக்கு? மேஸ்திரியத் தூக்க ரெண்டு பேர் வேணும். அதுக்கு நாங்க ஜோடின்னு சொல்லுவோம். தூக்க ஆள் கேட்டேன். சீட்டுக் குடுத்தாங்க. ஆள் இல்லாம அவர் விழுந்தாரு, என் மனசு நழுவிடுச்சுன்னு சொல்றாங்க. என் மனசு எங்கயும் நழுவலம்மா. அது அவருக்கு அடியில போய்ப் படுத்துச்சு. வேணும்னா முதுகக் காட்டறேன்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தலைவி நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி சாமியாரைப் பார்த்தார். சாமியார் வேறு வழியில்லாமல் மேசையைப் பார்த்தார்.

"அவர் மாடியில கெடக்கறாரா இப்ப?" என்று தலைவி கேட்டார்.

"காலையிலேருந்து."

தலைவி நேராக மாடிக்குப் போனார். பின்னால் நிர்வாகி, அவருக்குப் பின்னால் சாமியார், பீரங்கி, புகைப்படக்காரர். கட்டிலருகே போனதும் தலைவி நிர்வாகியையும் சாமியாரையும் கையால் சுட்டினார். சாமியார் பட்டுத்துண்டை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். நிர்வாகி முழங்காலுக்கு அடியில் கைகொடுத்தார். மேஸ்திரி பீரங்கியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா, இவங்க கையில என்னைக் குடுக்காத."

"குடுக்க மாட்டேன்" என்றாள் பீரங்கி. நிர்வாகியைத் தள்ளிவிட்டு, தலைப்பக்கம் தான் பிடித்து, சாமியாரைக் கால்பக்கம் அனுப்பினாள். மேஸ்திரி நாற்காலியில் சரியாக உட்கார்ந்தார். சாமியாருக்கு வெகுநேரம் மூச்சு திரும்பவில்லை. புகைப்படக்காரர் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

ஆள் போட உத்தரவாயிற்று. ஆனால் பணியாளர் கணக்கில் காலியிடமே இல்லை, அது சேமிப்பாகிவிட்டது. மன உறுதித் திட்டத்தில்தான் நிதி இருந்தது. ஆகவே வந்தவள் ஞாபக விளையாட்டு ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் வந்தாள். முன்பு சந்தையில் மூட்டை இறக்கியவள், தோள் கதவு மாதிரி இருந்தது. சாமியாரின் விளம்பரத் தாளில் அவர் மேஸ்திரியைத் தூக்குகிற படம் வந்தது. அடியில், 'எங்கள் சீட்டுகள் ஒரு ஜோடியை உருவாக்கின' என்று எழுதியிருந்தது. தலைப்பக்கம் பிடித்த பீரங்கியைப் படத்திலிருந்து வெட்டிவிட்டிருந்தார்கள்.

அதைப் படித்த நாள் முழுவதும் பீரங்கி பேசிய பேச்சு சமையலறையைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. புதியவள் மாடிப்படியில் தயங்கி நின்றாள். "அக்கா, நான் என்னத்த ஒருங்கிணைக்கணும்?"

"அந்தப் பக்கம் போ. முழங்காலுக்கு அடியில கைய விடு. இன்னும் உள்ள." பீரங்கி மேஸ்திரியின் அக்குளில் கைகொடுத்தாள். "வெட்டிட்டான் பாரு என்னை, கத்திரி வெச்சு. நாளைக்கே அந்தச் சாமியார் ஆபீசுக்குப் போய் நிக்கறேனா இல்லையா பாரு. என்ன, புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்க்கா."

"தூக்கு."