உட்காரச் சொல்ல மறந்த ஞாயிறு

பிள்ளையார்பாளையத்து நெசவாளி அம்சவேணி, 2019 ஆகஸ்ட் நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, பெரிய காஞ்சிபுரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் நான்கு நாள் அவளால் உட்கார முடியவில்லை. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் அத்தி வரதர் நாற்பது வருடம் கழித்துக் குளத்தை விட்டு வெளியே வந்திருந்தார். ஜூலை முழுக்கப் படுத்திருந்துவிட்டு அந்த வியாழக்கிழமைதான் எழுந்து நின்றிருந்தார். அவரைப் பார்க்க வந்த கூட்டமும் நாள் கணக்கில் தெருவில் நின்றது. எல்லோரும் நின்றுகொண்டிருந்த ஊரில் ஒருத்தி கூடுதலாக நின்றாள்.

அவள் சபைக்குப் போனது நன்றி சொல்லத்தான். கணவன் சிவராஜ் ஜூன் மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் சபைக்காரர் ஒருவர் கிடந்தார். சனிக்கிழமைதோறும் பாடகர் குழுப் பெண்கள் நாலைந்து பேர் அவரைப் பார்க்க வந்து ஜெபம் செய்வார்கள். முதல் சனிக்கிழமை, ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் பிரவீனா இந்தப் பக்கம் திரும்பி, “அண்ணன் பேரு இன்னாக்கா?” என்று கேட்டு அவன் பேரையும் சேர்த்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை கேட்காமலே அந்தப் பேரைச் சொன்னாள். சபைக்காரர் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பெண்கள் சிவராஜுக்காக மட்டும் இரண்டு சனிக்கிழமை வந்தார்கள். அவள் தெருக்காரர்கள் முதல் வாரம் வந்ததோடு சரி. சிவராஜ் செத்தான். முப்பதாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு அம்சவேணி தலைக்குக் குளித்துவிட்டுச் சபைக்குக் கிளம்பினாள்.

அந்தச் சபையில் குடும்பம் குடும்பமாக உட்காருவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் செய்துபோட்ட எட்டடி தேக்கு பெஞ்சுகள். எதிலும் பேர் எழுதியிருக்காது, எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் அவளை உட்காரவைத்தார்கள். அறிவிப்பு வாசித்தவர் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரான ஜான்சன். ஒரிக்கை பஸ் டிப்போவில் கண்டக்டர், செங்கல்பட்டு ரூட். “புதுசா வந்தவங்க எழுந்து நின்னு பேரு, ஊரு சொல்லுங்க” என்றார். அவள் எழுந்து பேரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள். தெருப் பேரைக் கேட்டதும் இரண்டு மூன்று பெஞ்சுகள் திரும்பிப் பார்த்தன. ஜான்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்து ஆந்திராவிலிருந்து வரதரைப் பார்க்க வந்த இரண்டு வேன் காம்பவுண்டுக்குள் நுழைந்துவிட்டது. அவர்கள் தெலுங்கில் பாத்ரூம் கேட்டார்கள். ஒரு பெரியவர் வெயிலில் மயங்கி விழுந்தார். ஜான்சன் வெளியே ஓடினார், யாரோ சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பெரியவருக்கு சோடா கொடுத்து வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பிய ஜான்சன், விட்ட இடத்திலிருந்து பெண்கள் ஐக்கியக் கூட்டம், ஓய்வுநாள் பள்ளிச் சுற்றுலா என்று வாசித்து முடித்தார். உட்காருங்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டப் பார்த்தபோதுதான் அவளுக்கு முட்டி மடங்கவில்லை என்று தெரிந்தது. ஷேர் ஆட்டோவில் ஏற முடியாமல் வீடு வரைக்கும் நடந்தாள்.

வீட்டில் குழித்தறி. தரையில் வெட்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதித்தால்தான் நெய்ய முடியும். தறியில் சிவராஜ் தொடங்கிய சேலை இருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. ஆறு முழம் அவன் நெய்தது, மீதியை அவள் நெய்வதாக இருந்தாள். நிற்கிறவளுக்குக் குழியில் என்ன வேலை? உட்காராமல் படுக்கவும் முடியாது என்பது அன்று இரவு தெரிந்தது. கூடத்துத் தூணோடு தன்னைப் பழைய சேலையால் கட்டிக்கொண்டு தூங்கினாள். கக்கூசுக்கு மட்டும் முட்டி மடங்கியது. அதை யாரும் உட்கார்ந்ததாகச் சேர்க்கவில்லை. காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டுவது நின்றுகொண்டு செய்கிற வேலை என்பதால் ஊரார் பாவுக்கெல்லாம் போய் நின்றாள். கொழுந்தன் திருஞானசம்பந்தம் ஒரு மாதம் பொறுத்தான். பிறகு, “அண்ணி, தறி சும்மா கெடக்குது. இருக்கறத அறுத்துட்டு வேற பாவு போட்டுடலாம்” என்றான். அறுத்தால் ஆறு முழம் துண்டுத் துணி, சேலை இல்லை. “கை வெச்சே, அந்தக் குழியிலயே உன்ன நட்டுடுவேன்” என்றாள். அவன் மாசி முடிகிறவரை தவணை கொடுத்தான்.

முதல் வாரமே எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முட்டி இருபது வயதுப் பெண்ணுடையது போல் இருப்பதாகச் சொன்னார். கொழுந்தன் அவளைக் காமாட்சி கோயிலுக்கு அழைத்துப் போனான். அர்ச்சகர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “இங்க யாரும் நிக்கச் சொல்லலியேம்மா. நிக்கச் சொன்ன எடத்துல போயி கேளு” என்றார். அவள் அதை நியாயமான பேச்சாக எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு போய்க் கடைசியில் நின்றாள். விஷயம் தெரிந்த ஜான்சன் மைக்கில், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, “போன வாரம் வந்த சகோதரி உக்காரலாம்” என்றார். முட்டி ஓர் அங்குலம் மடங்கி நின்றுவிட்டது. எங்கே உட்காருவது என்று அவர் சொல்லவில்லை. சிவப்பு நாற்காலி ஆந்திரா வேனோடு போயிருந்தது. புது நாற்காலி வாங்கிப் போட்டார்கள், அதற்கும் முட்டி மசியவில்லை. போதகர் தினகரன் எண்ணெய் தேய்த்து ஜெபித்தார். முட்டி வழவழப்பானது, அவ்வளவுதான்.

அவள் விடவில்லை. மழைக்கும் போனாள், காய்ச்சலோடும் போனாள். சபையாரும் கெட்டவர்கள் இல்லை. அறுப்பின் பண்டிகை விருந்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அவளுக்கு ஜன்னல் திட்டில் இலை போட்டு இரண்டு துண்டு கறி அதிகம் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட, தோரணம் கட்ட, எப்படியும் நிற்கிறாள் என்று அவளையே கூப்பிட்டார்கள். “எங்க சர்ச்சு கொடிக்கம்பம்” என்று வாலிபர்கள் கேலி செய்தார்கள். “கம்பத்துக்கு வாயி இருக்குது, பாத்துக்கோ” என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். எல்லாம் செய்தார்கள். பெஞ்சில் மட்டும் யாரும் ஒரு சாண் நகரவில்லை.

பிப்ரவரியில் மூப்பர் குழு கூடி இதைப் பேசியது. குழுவில் பிரவீனா ஒருத்திதான் பெண். எல்லாப் பெஞ்சும் கொஞ்சம் தள்ளினால் என்ன என்று அவள் கேட்டாள். ஜான்சன் எழுந்து, பத்து நிமிடம் பேசினார். அவருடைய தாத்தா அம்சவேணியின் தெருவில் தறிக்குழி வெட்டியவர். குழி வெட்டுகிற நாட்களில் மட்டும் பின்வாசல் வழியாக உள்ளே விடுவார்கள். வெட்டி முடித்த அன்றே அவர் நின்ற இடமெல்லாம் சாணி தெளித்து மெழுகுவார்கள். கூலி கேட்டுத் தெருவில் நிற்பார், தண்ணீரைக் கையில் ஊற்றுவார்கள், உட்கார் என்று ஒரு நாளும் ஒருவரும் சொன்னதில்லை. நாற்பது வருடம் நின்ற மனிதர். அந்தம்மா ஆறேழு மாதம் நின்றால் ஒன்றும் குறைந்துபோகாது. இவ்வளவும் சொல்லிவிட்டு ஜான்சன் உட்கார்ந்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது. அவர் தாத்தா வெட்டிய குழிகளில் ஒன்று அம்சவேணி வீட்டுக் குழி என்பதையும் அவரே சொல்லியிருந்தார். குழுவில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. பிரவீனா அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள்.

அம்சவேணி அழவில்லை. ஒரிக்கையில் ஜான்சன் வீட்டுக்கு நடந்தாள். ஜான்சன் மனைவி சுகாசினி பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருக்கா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். லுங்கியோடு வெளியே வந்த ஜான்சன், “இன்னாம்மா, ஊடு வரைக்கும் வந்துட்ட?” என்றார்.

“உங்க தாத்தா வெட்டின குழி எங்க ஊட்டுல இருக்குதுண்ணா.”

“மீட்டிங்ல பேசினத வெளிய சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்குது. பிரவீனா தானே?”

“யாரா இருந்தா இன்னா? பேசினது பொய்யா?”

“பொய் எதுக்குமா பேசணும்? சாணி தெளிச்சாங்களா இல்லியா உங்க ஊட்டுல?”

“தெளிச்சிருப்பாங்க. எங்க மாமனாரோட அப்பா. அந்த ஆளு தெளிச்சிருப்பாரு. இல்லன்னு சொல்ல நான் வரல. மன்னிப்பு கேக்கவும் வரல, அத அவருதான் கேக்கணும், செத்துட்டாரு. குழி இருக்குது. வந்து உக்காருங்க.”

“உக்காந்தா?”

“உக்காந்தா உக்காந்ததுதான். எனக்கு முட்டி மடங்கணும். மாசி முடிஞ்சா பாவ அறுத்துடுவான் எங்க கொழுந்தன்.”

ஜான்சன் லுங்கியை மடித்துக் கட்டினார். “நாளைக்கி டூட்டி இருக்குது” என்றார். “வெள்ளிக்கெழம வாங்க” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை திருஞானசம்பந்தம் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். “அண்ணி, தறி சாமி இருக்கற எடம். கண்டவங்கள ஏத்தறதுக்கு...” அம்சவேணி அவனை முடிக்க விடவில்லை. “கண்டவங்க இல்ல, குழி வெட்டினவங்க. சாமி ஏழு மாசமா பாத்துக்கினுதான் இருந்துச்சு. நீ நவுரு.” ஜான்சன் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். அந்தக் குழி அந்த வீட்டில் யாருக்கும் சரியாக இருந்ததில்லை. ஆழம் அதிகம். மூன்று தலைமுறையாக அடியில் செங்கல் அடுக்கித்தான் மிதித்தார்கள். ஜான்சன் குனிந்து பார்த்துவிட்டு, “இந்தக் கல்ல எடுங்க” என்றார். கல்லை எடுத்ததும் அவர் கால் பாதம் தரையில் பதிந்தது. முட்டிக்கும் விளிம்புக்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. அளவு பார்க்க உட்கார்ந்து காட்ட வீட்டுக்காரர்கள் யாரும் முன்வராததால் ஜான்சனின் தாத்தா தன் காலை வைத்தே அளந்து வெட்டியிருக்கிறார். யாரும் பார்க்காதபோது ஒரு தடவையாவது உட்கார்ந்தும் பார்த்திருக்க வேண்டும். ஜான்சன் அங்கேயே உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்தார். பேரன்களுக்குக் காட்ட ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். “சௌரியமாத்தான் இருக்குது” என்று எழுந்து போனார்.

அன்று அவள் முட்டி மடங்கவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்தாள். ஆத்திரத்தில் செங்கல்லைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். அப்புறம் போய்ப் பொறுக்கி வந்து பழையபடி அடுக்கினாள், அவள் கால் குட்டை.

மார்ச் எட்டாம் தேதி ஞாயிறு வழக்கம்போல் கடைசியில் நின்றாள். மாசி முடிய ஐந்து நாள் இருந்தது. ஜான்சன் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். நேராகத் தன் குடும்பத்துப் பெஞ்சுக்குப் போனார். அதில் ஏற்கெனவே ஆறு பேர். அவர் அவர்களைப் பார்த்து, வாரம் ஆறு நாள் செங்கல்பட்டு ரூட்டில் கத்துகிற அதே குரலில், “தள்ளு, தள்ளு, உள்ள போ. அவ்ளோ எடம் இருக்குது, நின்னுக்கினே வரணுமா அந்தம்மா? சுகா, தள்ளு” என்றார். விசில் ஒன்றுதான் குறை. ஐம்பது பேர் வண்டியில் எண்பது பேரை ஏற்றுகிற மனிதருடைய குரல் அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை கேட்டதில்லை. ஆறு பேரும் சுவர்ப் பக்கம் நெருங்கினார்கள். ஓரத்தில் ஒரு சாண் தேக்கு தெரிந்தது. அம்சவேணி நடந்து வந்தாள். காய்ந்த விறகு முறிவதுபோல் இரண்டு சத்தம் கேட்டது. உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். அவள் சுகாசினியின் தோளில் சாய்ந்து அது முழுவதையும் தூங்கித் தீர்த்தாள். ஆராதனை முடிந்தும் எழுப்ப மனமில்லாமல் சுகாசினி பன்னிரண்டரை வரைக்கும் அசையாமல் இருந்தாள்.

பதினான்கு நாள் கழித்து, கொரோனா வந்து நாட்டையே வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அம்சவேணிக்கு அது தோதாக இருந்தது. குழியில் இறங்கி மீதிச் சேலையை நெய்து முடித்தாள். கணவன் விட்ட இடம் எது, அவள் பிடித்த இடம் எது என்று துணியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் மற்றச் சேலைகளோடு மடித்து எடுத்துப் போனார். யாரோ கட்டிக்கொண்டு கல்யாணம் செய்திருப்பார்கள். சபைப் பதிவேட்டில் அவள் பேரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மூப்பர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலுக்கும் போகிறாள். சபையில் அவள் இடம் மட்டும் முடிவாகிவிட்டது, ஜான்சன் பெஞ்சில் ஓரம்.

இப்போதெல்லாம் ஜான்சன் அறிவிப்பை மாற்றி வாசிக்கிறார். “புதுசா வந்தவங்க அப்படியே உக்காந்திருங்க. மத்தவங்கள்லாம் எழுந்திருங்க.” ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒரியாக்காரர்கள் பதினோரு பேர் ஒரு ஞாயிறு வந்தபோதும் இதையே வாசித்தார், அம்சவேணி சைகையில் மொழிபெயர்த்தாள். சபை எழுந்து நின்று, தள்ளி, மறுபடி உட்கார்ந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு குடும்பம் மட்டும் தள்ளாமல் உட்காரப் பார்த்தது, முட்டி மடங்கவில்லை. அவர்கள் எலும்பு டாக்டரிடம் போகவில்லை. இரண்டு ஞாயிறு நின்றார்கள், மூன்றாம் ஞாயிறு தள்ளினார்கள். போன ஈஸ்டருக்கு முன்பு பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடிக்க முசரவாக்கத்திலிருந்து தச்சர் பாண்டியன் வந்தார். சனிக்கிழமை அளந்தபோது ஜான்சன் பெஞ்சு எட்டடி. மீதி வேலைக்கு ஞாயிறு வந்தவர், அதில் பதினான்கு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். யாரும் யார்மேலும் இடிக்கவில்லை. டேப்பை எடுத்து மறுபடி பிடித்தார், எட்டடி. முதுகுப் பக்கம் பிடித்தார், அங்கேயும் எட்டடிதான்.

“அளந்தது போதும்பா” என்றார் ஜான்சன். “தள்ளு, உள்ள போய் உக்காரு.”