பாரணைக் கீரை

வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை என் மனைவி விசாலாக்ஷியின் கையில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து இரண்டு வருஷமாகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் சாயந்திரம் ஒரு மாத்திரை. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்று ஒரு டெஸ்ட். எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைக்கும், கூடினால் ரத்தம் கசியும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன எண் நின்றால்தானே! ஒருமுறை 1.7. டாக்டர் மாத்திரையைக் கூட்டினால் அடுத்த முறை 4.6, ஈறில் ரத்தம். குறைத்தால் மறுபடி 1.6. டெல்லி துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து அலுத்துவிட்டது.

மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசில் கோப்பு பார்த்தவன், ஒரு தாளைத் தொலைத்ததில்லை. பெங்களூரிலிருந்து பிள்ளை அக்ஷய் போனில், "நீங்க மறந்துடறேள்ப்பா. சண்டே வந்து அம்மாவை இங்க அழைச்சுண்டு வந்துடறேன். நீங்க அப்புறமா வரலாம்" என்று சொல்லிவிட்டான். அவள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? பயமாக இருந்தது. நிஜமாகவே மறக்கிறேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இன்றும் டாக்டர், பாலக் சாப்பிடுகிறாளா என்று வழக்கம்போல இந்தியில் கேட்டார். "மாதாஜி, பாலக் காதீ ஹைன்?"

"நஹீ ஜீ" என்றாள். பொய்யில்லை. பாலக் என்கிற அந்த வடக்கத்திக் கீரை எங்கள் வீட்டில் நுழைந்ததே கிடையாது.

அடுத்த டெஸ்ட் வெள்ளிக்கிழமை காலை என்று எழுதினார். விசாலாக்ஷி என் பக்கம் திரும்பி, "ஏன்னா, அன்னிக்கு துவாதசியாச்சே. பாரணை பண்ணாம எப்படி வரது?" என்றாள்.

டாக்டர் என்னவென்று கேட்டார். ஏகாதசியன்று பட்டினி, மறுநாள் காலையில் அகத்திக்கீரை சாப்பிட்டு விரதத்தை முடிப்பாள் என்று இந்தியில் விளக்கினேன். டெல்லியில் அகத்தி லேசில் கிடைக்காது, முனிர்காவில் தமிழ்க் கடையில் சொல்லிவைத்து நாலு கட்டு வாங்குவேன், மூன்று நாள் வரும் என்று பெருமை வேறு.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பாலக் என்று கேட்டது எல்லாக் கீரைக்கும் சேர்த்துத்தானாம். கீரை மாத்திரைக்கு எதிராக வேலை செய்யுமாம். ரிப்போர்ட்டுகளைக் காலண்டரோடு வைத்துப் பார்த்தோம். எண் குறைந்ததெல்லாம் துவாதசியை ஒட்டித்தான். கீரையை விட வேண்டாம், தினமும் ஒரே அளவாகக் கொஞ்சம் போதும் என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வராந்தாவுக்கு வந்ததும் அக்ஷய்க்குப் போன் போட்டேன். "அவன்கிட்ட சொல்றேன் பாரு, நான் ஒரு நாளும் மறக்கலைன்னு."

"மறந்தேள்" என்றாள் விசாலாக்ஷி. களைத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "போன மாசம் மட்டும் மூணு நாள். நானே டப்பாலேர்ந்து எடுத்துப் போட்டுண்டேன்."

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா என்னை அழைச்சுண்டு போயிடுவானே."

போனில் அக்ஷய், "அப்பா? ஹலோ?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கீரைதான்டா காரணம்" என்றேன். "மாத்திரையை இனிமே அம்மாவே பாத்துப்பா. நீ வர வேண்டாம்."