குடல் கழுவிய கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸுக்கு அது ஆகாது என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் கேட்டால்தானே!

பக்ருதீன் பாய் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். தொண்டையில் ஆபரேஷன் செய்து, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். அதற்குள் இன்னொரு சின்னக் குழாய். அதை அடிக்கடி கழற்றிக் கழுவாவிட்டால் சளி அடைத்துவிடும். பத்து நாளாகச் சொல்லிக்கொடுத்தும் அவர் மனைவி நர்கீஸ் அக்கா அதைத் தொடவே இல்லை.

"ஏ புள்ள, என் கை நடுங்குது. நீயே செஞ்சிட்டுப் போயேன்."

"சனிக்கிழமையோட நான் நின்னுருவேன். அப்புறம் யாருக்கா செய்வா?" என்று கத்தினேன்.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி பாய் ஒளு செய்யும் பைப்படியில் ஈரத்தில் வழுக்கி விழப் பார்த்த அன்றும் கத்தினேன். அங்கே நாற்காலி போடவைத்தேன், தரையைத் துடைக்கவைத்தேன். "எதுன்னாலும் முதல்ல உக்கார வைங்க" என்று தினமும் ஓதினேன்.

வியாழக்கிழமை கடைக்கு ஆட்டுக்குடல் வந்திருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் குச்சியில் கோத்து உள்பக்கம் வெளியே வரத் திருப்பி மளமளவென்று கழுவிப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இம்புட்டு மெல்லிசான குடலக் கிழியாமக் கழுவுற கைக்கு அந்தக் குழாய் எம்மாத்திரம்?"

அக்கா குடலைக் கீழே வைத்தார். வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ரெட்டியார்சத்திரத்தில் வேறொரு வீட்டில் இருந்தேன். நர்கீஸ் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஜீவிதா, அவுகளுக்கு மூச்சு இழுக்குது!"

ஐயோ, அங்கே போய்ச்சேர அரை மணி நேரமாவது ஆகுமே!

"உக்கார வைங்க! எந்திரிச்சு ஓட விடாதீங்க!"

"வச்சுட்டேன். ஆம்புலன்ஸுக்கும் மகன் சொல்லிட்டான். நீ கத்தாத. ஒரு கையால வெளிக்குழாயப் பிடிக்கணும், மறு கையால உள்ளதத் திருப்பி உருவணும். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்க்கா."

போனைக் கீழே வைத்த சத்தம். கர்கர் என்று அடைத்த மூச்சு. கிண்ணத்தில் எதுவோ விழுந்தது. தண்ணீர்ச் சத்தம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று பலமான இருமல், பிறகு நீளமாக, தடையே இல்லாமல் ஒரு மூச்சு. இன்னொன்று.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அக்கா அலறினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"ஏ புள்ள, இருக்கியா? வெள்ளிக்கிழமையாச்சேன்னு வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். அந்தப் பொகையிலதான் இருமி இருமி அடைச்சிருச்சு. பொகை ஆகாதுன்னு நீ ஏன் சொல்லல?"

உண்மைதான். சொல்ல மறந்திருந்தேன்.

"பத்து நாளா அம்புட்டுக் கத்துனியே, இத ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாய் வரலையா?"

அக்கா விடாமல் ஏசினார். பின்னால் பாயின் மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னும் திட்டுங்கக்கா" என்றேன்.