பத்ருன்னிசா டீச்சருக்கு அபிசீனியாவில் வேலை

பத்ருன்னிசா ரிட்டயரான மறுவாரமே அவள் கணவர் மஜீதின் கடுக்காய்க் கிடங்கு ஒழுங்குக்கு வர ஆரம்பித்தது. மஜீதால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜவ்வாது மலைக்காரர்கள் ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குக் கொண்டுவரும் கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் வாங்கி, தோல் பதனிடுவதற்காக வாணியம்பாடிக்கு அனுப்புவது மஜீதின் வியாபாரம். எந்த மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்பது அவருக்கும், எடை போடும் குப்பனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் கிடங்குக்குள் பத்ருன்னிசா ஒரு துடைப்பத்தோடும் சுண்ணக்கட்டியோடும் நுழைந்தாள். இரண்டே நாளில் மூட்டைகள் வகைவாரியாகச் சுவரோரம் நின்றன. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் சுவரில் பெரிய எழுத்தில் பெயர். மூன்றாம் நாள் அவள் குப்பனைச் சுவர் முன்னால் நிறுத்தி, "இது இன்னா எழுத்து, படி" என்றாள்.

குப்பனுக்கு நாற்பது வயது. பேத்தி பிறந்தாயிற்று.

"பாய், டீச்சரம்மா என்னிய பெஞ்சி மேல ஏத்திடுவாங்க போல கீது" என்று அவன் மஜீதிடம் வந்து முறையிட்டான். "சந்தையில எல்லாரும் பாக்கறாங்க பாய். மானம் போவுது."

மஜீத் பெருமூச்சு விட்டார். முப்பது வருஷமாக அந்த மலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். விடியும்போதே குளித்து, ஆறரைக்கெல்லாம் சேலைக் கொசுவம் செருகி, குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிடுவாள். இப்போதும் ஆறரைக்கு எல்லாம் தயார். புறப்படத்தான் இடமில்லை. வாணியம்பாடியில் பெண்கள் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். ஆலங்காயத்தில் ஒரு தனியார் பள்ளியில் கேட்டாள். எல்லா இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், டீ கொடுத்தார்கள். "இத்தினி வருசம் கஷ்டப்பட்டீங்க, இனிமே ஓய்வா இருங்கம்மா" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த அன்புதான் அவளுக்கு ஆத்திரமூட்டியது.

பக்ரீத்துக்கு மகன் ஃபரூக் மலைக்கு வந்தான். வாணியம்பாடியில் தோல் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் அவன் குமாஸ்தா. சாப்பாட்டின்போது மஜீத் ஆரம்பித்தார்.

"உங்கம்மாவுக்கு எங்கனா ஒரு ஸ்கூலு பாருடா. இல்லாட்டி என் கிடங்கு ஹைஸ்கூலாப் பூடும்."

ஃபரூக் சிரித்தான். "அப்படின்னா ஆப்பிரிக்காவுல இருக்கற அபிசீனியாவுக்குத்தான் அனுப்பணும் அத்தா. அங்க புதுசு புதுசா பள்ளிக்கூடம் தொறக்குறாங்களாம். நம்ம நாட்டுலேர்ந்து வாத்தியாருங்கள எடுக்க மெட்ராசுக்கே ஆள் வருதாம். எங்க முதலாளிக்கு அந்த ஊர்த் தோல் வியாபாரி ஒருத்தர் எழுதியிருக்காரு. வயசு பெருசில்ல, எத்தினி வருசம் பாடம் சொல்லிக் குடுத்தீங்கன்னுதான் கேக்கறாங்களாம்."

"அனுப்புடா, அனுப்பு! நானே மூட்டை கட்டி, மேலே விலாசம் எழுதித் தர்றேன்" என்றார் மஜீத். அப்பனும் பிள்ளையும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள்.

பத்ருன்னிசா சிரிக்கவில்லை. கறிக்குழம்புக் கரண்டி கையில் அப்படியே நின்றது. அபிசீனியா என்றால் ஹபஷ் நாடு அல்லவா? மக்காவில் இருக்க முடியாமல் கடல் கடந்து வந்த நபித்தோழர்களை, அவர்கள் வேறு மார்க்கம் என்று பார்க்காமல் வைத்துக் காப்பாற்றிய நஜ்ஜாஷி மன்னரின் நாடு. சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் உஸ்தாத் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்திருக்கிறாள்.

"அது மலை நாடாமே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ஜவ்வாது மலையெல்லாம் அதுங்கிட்ட குட்டி" என்றான் ஃபரூக்.

"எங்க எழுதிப் போடணும்?"

ஃபரூக்கின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவன் அத்தாவைப் பார்த்தான். மஜீத் குழம்பைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே மகனை உட்காரவைத்து விலாசத்தை வாங்கி, அவன் எதிரிலேயே விண்ணப்பத்தை எழுதி முடித்தாள். இரண்டு மாதம் கழித்து, நேர்முகத்துக்கு வரச்சொல்லி மெட்ராசிலிருந்து கார்டு வந்தது. "கூப்பிட்டுட்டாங்க, போய்ட்டு வந்துடலாம். எனக்கும் பெரியமேட்டுத் தோல் மண்டியில ஒரு வேலை கீது" என்று மஜீத் உடனே சம்மதித்தார். எடுக்க மாட்டார்கள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். ரயிலில் போகும்போதே, முடிந்ததும் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம் போட்டார்.

நேர்முகம் நடந்த பங்களாவின் கூடத்தில் இளைஞர்களாக நிறைந்திருந்தார்கள். கழுத்துப்பட்டையும் பளபளக்கும் ஷூவும். பெண்கள் நாலைந்து பேர்தான். பத்ருன்னிசாவைப் பார்த்ததும் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்து, "பையனுக்காக வந்தீங்களாம்மா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. எனக்காகத்தான்."

உள்ளே இரண்டு அதிகாரிகள். ஒருவர் மெட்ராஸ்காரர். மற்றவர் அபிசீனியாவிலிருந்து வந்தவர். ஒல்லியான உயரமான மனிதர். குரல் மிகவும் தணிந்திருந்தது. பேச்சு இங்கிலீஷில் நடந்தது. பத்ருன்னிசாவின் இங்கிலீஷ், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரிடம் கற்றது. அதிலே ஒரு வார்த்தையையும் அவள் விழுங்க மாட்டாள்.

மெட்ராஸ்காரர் முதலில் பேசினார். "இந்த வயதில் ஹஜ்ஜுக்குப் போகலாம். வேலைக்கா போவார்கள்?"

"ஹஜ்ஜுக்குப் போகும் வழியில்தான் அந்த நாடும் இருக்கிறது ஐயா. தேசப்படத்தில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்."

அபிசீனியாக்காரர் புன்னகைத்தார். பெண்கள் பள்ளி ஒன்றுக்கு ஆசிரியை தேவை என்றார். வடக்கே மலைமேல் ஒரு சின்ன ஊர். மழைக்காலத்தில் பாதை அடைபட்டுவிடும். மின்சாரம் இல்லை. குளிர் அதிகம். காலையிலிருந்து மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாராம். மூவருமே தலைநகரில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

"எங்கள் ஊரிலும் மின்சாரம் இல்லை" என்றாள் பத்ருன்னிசா. "மழை வந்தால் எங்களுக்கும் தபால் நின்றுவிடும். பிள்ளைகள் வந்துவிடுவார்கள்."

"அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. உங்களுக்கு அம்ஹாரிக் தெரியாது. முதல் நாள் என்ன செய்வீர்கள்?"

மலைக்கு வந்த புதிதில் அவளுக்கு நேர்ந்ததுதான் அது. பிள்ளைகள் பேசியது தமிழ்தான். ஆனாலும் பாதிச் சொற்கள் அவள் வாணியம்பாடியில் கேளாதவை.

"'இது என்ன' என்று உங்கள் மொழியில் எப்படிக் கேட்பது?"

"மின்டினோ."

பத்ருன்னிசா நாற்காலியை விட்டு எழுந்தாள். மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "மின்டினோ?"

"இர்சாஸ்" என்றார் அவர்.

"இர்சாஸ். பென்சில்." அவரையும் பென்சில் என்று சொல்லும்படி கையால் சைகை காட்டினாள். அவர் சொன்னார். அவள் நாற்காலியைத் தொட்டாள், கதவைக் காட்டினாள், ஜன்னலண்டை போய் நின்றாள். வெம்பெர், பெர், மஸ்கோட். ஒவ்வொன்றையும் அவள் தப்பாகச் சொன்னாள். அவர் திருத்தினார். மஸ்கோட்டை மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவர் எழுந்து ஜன்னலுக்கே வந்துவிட்டார். மெட்ராஸ்காரரும் தன்னை அறியாமல் உதட்டுக்குள் மஸ்கோட், மஸ்கோட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்படித்தான்" என்றாள் பத்ருன்னிசா. "டீச்சர் தப்பாகச் சொல்கிறாள் என்றால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. பேசாத பிள்ளைகூடப் பேசிவிடும்."

அபிசீனியாக்காரர் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார். பிறகு மெட்ராஸ்காரரோடு ஏதோ தணிந்து பேசிவிட்டுச் சொன்னார்: "எங்களுக்குச் சம்மதம். ஆனால் அந்த ஊருக்குப் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டோம். உங்கள் கணவர் கூட வருவாரா?"

பத்ருன்னிசாவுக்குத் திக்கென்றது. இத்தனை நாளில் அந்தக் கேள்வியை அவள் மஜீதிடம் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம்தான்.

"வெளியே இருக்கிறார். கேட்டுவிட்டு வருகிறேன்."

மஜீத் வேப்பமரத்தடியில் வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "ஆச்சா? கெளம்பலாமா? பீச்சுக்கு ட்ராம் கெடையாதாம், பஸ்ஸுதானாம்" என்றார்.

"எடுத்துட்டாங்க."

கடலை அவர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"ஆனா நீங்களும் வரணுமாம்."

"நானா? நான் அங்க இன்னா பண்றது? நீ வேலைக்குப் போவே, நான் வூட்டக் காவல் காக்கறதா? பொண்டாட்டி சம்பாத்தியத்துல ஒக்காந்து தின்றான்னு வாணியம்பாடியே சிரிக்கும்." குரல் ஏறியது. மரத்தடியில் நின்ற இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கப்பல் வேற. எனக்கு வாந்தி வரும்."

"இஷ்டமில்லைன்னா வேணாங்க. உள்ள போய் முடியாதுன்னு சொல்லிட்டு வர்றேன். பீச்சுக்குப் போவலாம்" என்றாள் அவள்.

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். ஆனால் திரும்பி நடந்தபோது குடையை மரத்தடியிலேயே மறந்துவிட்டுப் போனாள். பத்ருன்னிசா குடையை மறந்து மஜீத் பார்த்ததே இல்லை. குடையையும் அவள் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். வாணியம்பாடியில் பிறந்தவள் அவள். கடுக்காய் வியாபாரத்துக்கு மலையில் குடியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, அங்கே நான் என்ன பண்றது என்று அவளும் கேட்டிருக்கலாம். அவள் கேட்டது ஒன்றுதான்: அங்க பள்ளிக்கூடம் இருக்குதுங்களா?

"பத்ரு, இரு" என்று கூப்பிட்டார். கையைத் தட்டிக் கடலைத் தோலை உதறிக்கொண்டு, குடையோடு அவள் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். அபிசீனியாக்காரருக்கு ஒரு சலாம் வைத்தார்.

"நான் சில சங்கதி கேக்கணும். நீ இங்கிலீஷ்ல சொல்லு" என்றார் மனைவியிடம். "அந்த ஊர்ல பள்ளிவாசல் கீதா?"

இருக்கிறது. மாதாகோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில்.

"ஆடு, மாட்டுத் தோல்?"

வேண்டிய மட்டும்.

"சந்தை எந்தக் கெழமை?"

அபிசீனியாக்காரர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை என்றார். சுற்றுவட்டார மலையிலிருந்தெல்லாம் கழுதைமேல் சரக்கேற்றிக்கொண்டு வருவார்களாம்.

மஜீத் நிமிர்ந்தார். "சந்தை இருக்குதுன்னா மனுசன் பொழைச்சுக்குவான். வர்றேன்னு சொல்லு."

பத்ருன்னிசா அதை இங்கிலீஷில் சொன்னாள். முப்பது வருஷத்தில் முதல் முறையாக, ஒரு வார்த்தையை அவள் விழுங்கிவிட்டாள்.

கடற்கரைக்கும் போனார்கள். கடலைப் பார்த்த உடனேயே மஜீதுக்கு வயிற்றைப் புரட்டியது. பத்ருன்னிசா அவருக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது. சந்தைநாள் அன்று கடைக்குக் கடை மஜீதை நிறுத்தி விசாரித்தார்கள். "நான்தான் கேட்டேன், சந்தை எந்தக் கெழமைன்னு. அதிகாரி ஆடிப்பூட்டாரு" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். மாலைக்குள் அபிசீனியாக்காரர் அவரைக் கட்டிப்பிடித்ததாகவும் கதை வளர்ந்திருந்தது. ஃபரூக்குக்குத்தான் மனசு ஆறவில்லை. விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையில் அம்மாவும் அத்தாவும் கடல் கடக்கிறார்களே என்று கண் கலங்கினான். "நீ நல்ல வார்த்தைதாண்டா சொன்னே. இன்னும் ரெண்டு சொல்லு" என்று பத்ருன்னிசா அவன் தலையைத் தடவினாள்.

கிடங்கைக் குப்பன் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. "சொவத்துல எழுதி வச்சிருக்கறத அழிச்சுடாதீங்க டீச்சரம்மா, அத வச்சுத்தான் சமாளிக்கணும்" என்றான் அவன். அவளிடம் படித்த வெள்ளையம்மாள் புதூர்நாட்டிலிருந்து காட்டுவழியே நடந்தே வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் பலாப்பழம்.

"அந்த ஊர்ல பலாப்பழம் உண்டா டீச்சர்?"

"தெரியலடி. போய்ப் பாத்துட்டு எழுதறேன்."

"எழுதுங்க. நானே படிச்சுக்குவேன்" என்றாள் வெள்ளையம்மாள். அந்தப் பலாவை அன்றைக்கே அறுத்து, வந்தவர்கள் எல்லோரும் தின்றார்கள். வீடெல்லாம் பிசுக்கு.

பம்பாயில் கப்பல் ஏறினார்கள். ஜிபுத்தியில் இறங்கி, ரயிலிலும் லாரியிலும் கடைசியாகக் கோவேறு கழுதைமேலும் போனார்கள். கப்பலில் மஜீத் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடுவது அவருக்கு மரியாதை. மலையில் கால் வைத்த மறுநாளே தேறிவிட்டார். விசாரித்துக்கொண்டே போய்ப் பள்ளிவாசலில் நாலு பேரைச் சிநேகம் பிடித்து, திரும்பி வரும்போது கையில் அரை வீசை காப்பிக்கொட்டையோடு வந்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று தூறல். வெள்ளைத் துணி போர்த்திய சிறுமிகள் வாசலில் சேற்றுக்காலைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புது டீச்சரின் சேலையையும் மூக்குத்தியையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்ருன்னிசா முன் வரிசையில் இருந்த ஒருத்தியிடம் பெயரைக் கேட்டாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். பத்ருன்னிசா அதைத் திருப்பிச் சொன்னாள், தப்பாக. சிறுமி தலையை நிமிர்த்தினாள். இன்னொரு முறை சொன்னாள், அதுவும் தப்பு. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, உரக்க, புது டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.