திங்கட்கிழமைக்கு முந்தின நாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் சிநேகிதனைத் தானே ஸ்கேன் மெஷினுக்குள் அனுப்பிப் படம் எடுத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அவனோடு மீன் பிடிக்கப் போகவேண்டியிருந்தது. வரவில்லை என்று சொல்ல ஒரு சாக்கும் அகப்படவில்லை.

அவனை எல்லோரும் போட்டோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. "யாரையும் சிரிக்கச் சொல்லாத போட்டோக்காரன் இவன் ஒருத்தன்தான்" என்று அந்தப் பெயரை வைத்தவன் ரொட்டி. ரொட்டிக்குச் சொந்தமாக ஒரு பேக்கரி. சில மாதங்களாக முதுகுவலி. மாவு மூட்டை தூக்குவதால் வருகிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினான். பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனபிறகுதான் மனைவி அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

திரையில் படம் வந்தது. கணையத்தில் கட்டி. கல்லீரல் பூராவும் கறுப்புப் பொட்டுகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொட்டி படுத்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். போட்டோவும் பதிலுக்குக் காட்டினான். படம் எடுக்கிறவர்கள் நோயாளியிடம் எதையும் சொல்லக் கூடாது, அது டாக்டர் பாடு. டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை காரை ஓட்டியது ரொட்டியின் மச்சினன், மனைவிக்குத் தம்பி. பஸ் டிரைவர். எந்த வண்டியை எடுத்தாலும் பஸ் ஓட்டுகிற மாதிரியே ஓட்டுவான். ரோட்டோரம் யாராவது நின்றால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

"ஏத்திக்கடா, பின்னாடி இடம் இருக்கு" என்றான் ரொட்டி.

"சும்மா இருங்க அத்தான். பழக்க தோஷம்."

ரொட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பின்சீட்டிலிருந்த போட்டோ, முன்னால் தெரிந்த அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கையே நுழையும் போலிருந்தது.

கடல் உள்வாங்கியிருந்தது. கரையிலிருந்து வெகுதூரம் வரை தொடையளவுத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். அவர்கள் பிடிக்கிற விதத்தில் புழுவும் கிடையாது, இறாலும் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிக் குட்டி மீன் மாதிரி ஆக்குவார்கள். ஃப்ளை என்று அதற்குப் பெயர். அதற்குச் சொந்தக் கனம் இல்லை. தடித்த நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில்தான் அதைக் கொண்டுபோய்ப் போடவேண்டும். கை முரடாக இருந்தால் நூல் காலடியிலேயே சுருண்டு விழும். டிரைவருக்கு அப்படித்தான் விழுந்தது. ஒருமுறை கொக்கி அவன் தொப்பியையே கழற்றிக்கொண்டு போனது.

"பெரிய மீன்தான், விட்டுடாத" என்றான் ரொட்டி.

ரொட்டி வீசினால் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாவு பிசைந்து பழகின மணிக்கட்டு. நூல் காற்றில் நீளமாக விரிந்து, நின்று, சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கும்.

காலை முழுக்க ஒரு மீன்கூடச் சீண்டவில்லை. யாருக்கும் அதில் வருத்தமும் இல்லை. பஸ்ஸில் ஒரு அம்மா சில்லறைக்காகத் தன்னை அடுத்த ஸ்டாப் வரை வெளுத்து வாங்கிய கதையை டிரைவர் சொன்னான். வெயில் இதமாக இருந்தது. போட்டோவும் சிரித்தான். சிரித்து முடிக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்புப் பொட்டுகள் கண்முன் வந்து நின்றன.

டிரைவர் டீ எடுத்துவரக் காருக்குப் போனான். ரொட்டி நூலைச் சுற்றியபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"நீ பாத்த இல்ல? என்ன இருக்கு உள்ள?"

"நான் படம் எடுக்கிறவன்டா. அதைப் படிக்கிறது டாக்டர்."

"என்கிட்டயே கதை விடாத. என் மாமியாருக்குக் கல்லுன்னு டாக்டருக்கு முன்னாடியே சொன்னவன் நீ."

போட்டோ தண்ணீரைப் பார்த்தான். இப்போது பேசாமல் நின்றால் அதுவே பதில் ஆகிவிடும்.

"பெருசா ஒண்ணும் தெரியலடா. தசைப்பிடிப்பாத்தான் இருக்கும்."

ரொட்டி நீளமாக மூச்சை விட்டான். "அப்பாடா. ரெண்டு நாளா வீட்ல அவ சரியா சாப்பிடலடா. நான் தைரியமா இருக்கிற மாதிரி நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு."

அதன்பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பாட்டை முணுமுணுத்தான். மூன்று பேரும் சேர்ந்து பழைய படகு ஒன்று வாங்கலாம் என்றான். படகுக்குத் தன் அக்கா பெயரை வைக்கவேண்டும் என்று டிரைவர் சொல்ல, "வீட்லதான் அவ சத்தம், இங்கயுமா?" என்றான். போட்டோ ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டான்.

மத்தியானத்துக்குமேல் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அதோடு மீனும் வந்தது. ரொட்டியின் நூல் விறைத்தது. தூண்டில்கோல் வில்லாக வளைந்தது. அவன் அவசரப்படாமல் விட்டுக்கொடுத்து, இழுத்து, கடைசியில் ஒரு பாறை மீனைக் கையில் ஏந்தினான். வெள்ளித்தட்டு மாதிரி மின்னியது. கொக்கியைக் கழற்றித் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விட்டுவிட்டான். அது துள்ளிக்கொண்டு போனது.

"போதும். கிளம்பலாம். விடியக்காலம் அடுப்பைப் பத்தவைக்கணும்."

"இப்பதானே அத்தான் மீனே வருது" என்றான் டிரைவர்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்டா" என்றான் போட்டோ. அவன் குரல் கெஞ்சுகிற மாதிரி வந்தது.

ரொட்டி அவன் தோளைத் தட்டினான். "அடுத்த ஞாயிறு வருவோம். கடல் எங்கடா ஓடிப்போகப் போகுது?"

மூவரும் கரைக்கு நடந்தார்கள்.

மறுநாள் டாக்டர் அறை வாசலில் போட்டோ காத்திருந்தான். கதவு திறந்தது. ரொட்டியின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போட்டோவைப் பார்த்ததும் நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் வந்த தம்பி போட்டோவை நிமிர்ந்தும் பார்க்காமல் அக்காவைத் தாங்கிக் கூட்டிப்போனான். ரொட்டி மட்டும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கோபித்துக்கொள்ளவில்லை.

"நேத்தே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருப்பேன்டா" என்றான். "மீன் வந்துட்டிருந்துச்சு."

போட்டோ அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ரொட்டி அழவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்து ஏற்றினார்கள். உடம்பு அதைத் தாங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். பேக்கரி ஷட்டர் இறங்கியது. போட்டோ தினமும் வேலை முடிந்து ரொட்டி வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தான். அந்த வீட்டில் யாரும் அவனை வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டிரைவர் அவனை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

ஒருநாள் காலையில் ரொட்டி கடலுக்குப் போகவேண்டும் என்றான். போட்டோவும் வரவேண்டும் என்று அடம்பிடித்தான். டிரைவர் அவனைக் குழந்தையைப் போலத் தூக்கி முன்சீட்டில் வைத்துத் தலையணையை அண்டக் கொடுத்தான்.

காரைத் தண்ணீர் ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்கள். டிரைவர் முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கி வீச ஆரம்பித்தான். நூல் சுருண்டு சுருண்டு விழுந்தது. அத்தான் ஏதாவது கிண்டல் செய்வார் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தான்.

ரொட்டி தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்சீட்டிலிருந்து போட்டோ கையை நீட்டி அவன் நெற்றியில் விழுந்த வெயிலை மறைத்துக்கொண்டிருந்தான். கை மரத்துப்போன பிறகும் எடுக்கவில்லை.

"எழுப்பட்டுமா சார்?" என்று டிரைவர் ஜன்னல் பக்கம் வந்து கேட்டான்.

"வேண்டாம்."

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனான். வெயில் ஏறும்வரை வீசினான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்வரை ரொட்டியின் தூக்கம் கலையவில்லை. அப்படியே வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தார்கள்.